'ஒம்போது'க்கு அர்த்தம் சொன்னவள்

பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற அப்புத்துரைக்கு, மகள் தவமணியின் வேலை கடைசிவரை பிடிபடவேயில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளர் என்பதுவரை சரி. தொலைக்காட்சியில் வரும் தமிழ்ப் படங்களில் திருநங்கைகளை எப்படிக் காட்டுகிறார்கள், தணிக்கையில் எதை வெட்டுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று ஆராய்வதும் ஒரு வேலையா? திருநங்கை என்ற சொல்கூட அப்போது புழக்கத்தில் இல்லை.

"படம் பாக்கிறதுக்கோ உனக்குச் சம்பளம் தாறாங்கள்?" என்பார்.

"ஓம், அப்பா" என்றுவிட்டுத் தவமணி தீவுக்குப் பெர்ரி ஏறப் போய்விடுவாள்.

படம் பார்ப்பது பெரும்பாலும் சூலியா தெருச் சந்தில், காமாரியாவின் முடிதிருத்தும் கடையில். திருநங்கையான காமாரியாவுக்குப் பிறந்தபோது வைத்த பெயரைத் தவமணி கேட்டதேயில்லை. கேளாமலிருந்ததே சிநேகத்துக்குப் போதுமாயிருந்தது.

எண்பத்தெட்டில் ஒரு கல்யாணப் படம் போட்டார்கள். மணப்பெண்ணை அலங்கரிக்க, காமாரியாவைப் போலவே ஒருத்தி வருவாள். நகைச்சுவை நடிகர் அவளைப் பார்த்து, "தள்ளிப் போ, ஒம்போது!" என்று கத்தினார். அந்த எண் எப்படி வசவானதோ தெரியாது, யாரைச் சொல்வது என்று மட்டும் தமிழர் எல்லாருக்கும் தெரியும். திரையின் அடியில் மலாய் மொழிபெயர்ப்பு 'செம்பிலான்' என்று ஓடியது. வெறும் ஒன்பது! முடி வெட்ட வந்த மலாய்க்காரப் பெண் விழித்தாள். காமாரியா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த காட்சியில் மணப்பெண் அந்த அலங்காரக்காரியின் கையைப் பிடித்து, "அக்கா, நீங்க பக்கத்துலயே இருங்க" என்றாள். காமாரியாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுக்குத்தான் டீச்சர் உக்காந்திருந்தேன். படத்துல நம்மள இப்படி யாரு கூப்புட்டிருக்கா?"

தவமணி அந்த மொழிபெயர்ப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். கோலாலம்பூரில் தணிக்கைக் குழு கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அர்த்தத்தைச் சொன்னால் கத்தரி எங்கே பாயுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் சொன்னாள். "வசவை எடுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதிகாரிகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், குவே பலகாரம் கொடுத்து உபசரித்தார்கள். அந்த வருஷமே அவளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அடுத்த தீபாவளிக்கு அதே படம். காமாரியா கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, தவமணிக்கும் ஒரு நாற்காலி போட்டாள். நடிகர் வந்தார், வாயைத் திறந்தார், படம் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்து மணமேடை. மணப்பெண்ணின் தலையில் பூ இருந்தது. அதை வைத்தவள் எங்கும் இல்லை.

தவமணிக்கு வெட்கமாக இருந்தது. ஆளை விடச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"திட்டுனவன இன்னும் காட்டுறானுங்க, டீச்சர்" என்றாள் காமாரியா, கோபமே இல்லாமல். "திட்டு வாங்குனவளத்தான் காணோம்லா."