பசியின் கோபம்

குளியலறைக்குள்ளிருந்து கயிறு தரையில் அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடவே வெந்நீர்க் குழாயின் இரைச்சல்.

"கேக்குதா? உழைப்பாளி, அதுல குறை சொல்ல மாட்டேன்," என்றார் குத்துச்சண்டை மாஸ்டர், நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி. "ஆனா உங்க பொண்ணுக்கு வாய் நீளம், கை அதவிட நீளம். நேத்து தன்னோட பயிற்சி எடுக்கறவ முடியப் புடிச்சு இழுத்துட்டா. வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வைங்கம்மா."

கண்டிப்பதா? சித்தி தன் கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் இஸ்திரி போடும் அந்தக் கை, இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இந்தப் பெண்ணின்மேல் ஒருதரம்கூட ஓங்கியதில்லை. மூத்த தாரத்துப் பிள்ளையைப் படுத்துகிறாள் என்று நாலு பேர் சொல்லிவிட்டால்? லாரி ஓட்டும் புருஷனோ பாதி நாள் வெளியூரில். ஒரு மாதமாக இவள் தட்டைத் தள்ளுகிறாள், கதவை அறைகிறாள். என் கையால் ஒரு வாய் சாப்பிடக்கூட இவளுக்குக் கசக்கிறதே என்று சித்தி தலையணையை நனைத்த இரவுகள் எத்தனை!

"எல்லாம் என்மேல உள்ள வெறுப்பு மாஸ்டர். நான் வச்ச சாப்பாட்டத் தொடவே மாட்டேங்கறா."

"அட, அது நான் சொன்னதும்மா!" அவர் சிரித்துவிட்டார். "நாளைக்குக் காலைல போட்டிக்கு எடை பாப்பாங்க. கீழ் எடைப் பிரிவுல இறங்கினா பதக்கம் நிச்சயம். அதான் பட்டினி. இன்னிக்குத் தண்ணியும் கிடையாது. ரெயின்கோட்ட மாட்டிக்கிட்டு ஆவியில குதிக்கறா, மிச்சம் வேர்வையா இறங்கிடும்."

பசியா? ஒரு மாதமாக இந்த வீட்டின் கதவுகளை அறைந்துகொண்டிருந்தது பசியா?

உள்ளே கயிற்றின் சத்தம் நின்றது. தொப்பென்று ஏதோ விழுந்தது.

"பாப்பா!"

சித்தி குளியலறைக் கதவைத் தோளால் இடித்தாள். மறு இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. ஆவிக்கு நடுவே சுருண்டு கிடந்தவளின் கோட்டை உரித்தெறிந்து, கூடத்துக்கு இழுத்து வந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டாள்.

"குடுக்காதீங்க! ஈரத்துணியால உதட்டத் தொடச்சா போதும். ரெண்டு வருஷ உழைப்பும்மா!"

பெண் கண் விழித்தாள். உதடெல்லாம் வெடிப்பு. "வேணாம் சித்தி... எடை ஏறிடும். கெடுத்துடாத."

சித்தி செம்பை அவள் உதட்டருகே கொண்டுபோனாள். கொடுத்தால், சித்திதான் கெடுத்தாள் என்று இவள் ஆயுசுக்கும் சொல்வாள். கொடுக்காவிட்டால் சொல்வதற்கு இவள் இருக்க வேண்டுமே!

"குடி."

"மாட்டேன்."

"குடிடீன்னா!"

இந்த வீட்டில் அவள் போட்ட முதல் அதட்டல். பெண் திகைத்தாள். ஒரு மிடறு இறங்கியதும் செம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "உன்ன மன்னிக்கவே மாட்டேன்," என்று அழுதுகொண்டே குடித்தாள்.

"மன்னிக்காத. மெதுவா குடி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மாஸ்டர் எழுந்தார். "மேல் பிரிவுல ஏற்கெனவே ஆள் போட்டாச்சு. இவளுக்கு இடமில்ல."

"அப்ப இந்த வருஷம் வேணாம். முடியப் புடிச்சு இழுத்தது தப்பு, நானே கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கேக்க வைக்கறேன். ஆனா இனிமே இவ சாப்பாட்டுல கை வைக்கறதா இருந்தா டாக்டர் சொல்லணும், எனக்கும் தெரியணும்."

"நாளைக்கு இவளே உங்களத் தூத்துவா, பாருங்க."

"தூத்தட்டும் மாஸ்டர். அதுக்கும் உடம்புல தெம்பு வேணுமில்ல?"

வாசலில் செருப்பை மாட்டியபடி அவர் பெண்ணைப் பார்த்தார். 'காலைல எடை பாக்க வந்துடறேன் மாஸ்டர்' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செம்பை மட்டும் விடவில்லை.

அவர் படியிறங்கினார். சித்தி கதவைச் சாத்தினாள்.