மொட்டைமாடிக்குத் திரும்பிய விமானம்

விபத்தைப் பற்றிய அரசு அலுவலகக் குறிப்பு இப்படிச் சொல்கிறது: "உயர் தொழில்நுட்பப் பயிற்சி பெற்ற, நோக்கம் தெரியாத நபர் ஒருவர் இயக்கிய பெரிய ஆளில்லா விமானம், கட்டுப்பாட்டை இழந்து கழிவுநீர்க் குளத்தில் விழுந்தது." எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்குக் கிடைத்தது ஒரு இறக்கையும் அரை வாலும்தான்.

அந்த நபருக்கு ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டுக் கட்டடங்கள் அவர் பொறுப்பு. லிஃப்ட் நின்றுபோனால் மட்டும்தான் படியேறுவார். அதாவது, தினமும் படியேறுவார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் வாந்தி எடுத்துவிடுவார். நோக்கத்தைப் பொறுத்தவரை, அவர் மனைவியே நாலு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"பறக்கிறதுக்கு."

"நீங்களா பறக்கப் போறீங்க?"

"நான் எங்க பறக்கிறது. இந்த வீட்டுல ஒண்ணாவது பறக்கட்டும்."

வேலையிலிருந்து வந்து, கிரீஸ் படிந்த சட்டையோடு, ஹாலில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் உடம்பு தாங்கும். தெர்மாகோல், ப்ளைவுட், மரம் அறுக்கும் மிஷினிலிருந்து கழற்றிய பெட்ரோல் எஞ்சின். முனைக்கு முனை நாலு மீட்டர் இறக்கை, இரண்டு துண்டாகச் சுவரில் சாய்ந்திருக்கும். அதில் மனைவி ஈரத்துண்டு காயப்போட்டாள். அவர் கோபிக்கவில்லை, வளைகிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தார். மூளை ஒன்றுதான் கடைச்சரக்கு: பொழுதுபோக்குக்காரர்கள் வாங்குகிற, விமானத்தைத் தானே ஓட்டும் தீப்பெட்டி அளவு ஆட்டோபைலட்.

ரேடியோ தொடர்பு அறுந்துபோனால் எங்கே திரும்பி வந்து சுற்ற வேண்டும் என்று அந்தத் தீப்பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிளம்புகிற இடம் மாறினால் இதையும் மாற்ற வேண்டும். லிஃப்டிலும் இப்படி ஒன்று உண்டு. கரண்ட் போனால் எந்தத் தளத்தில் போய் நிற்பது என்று பொருத்துகிற அன்று ஒரு தடவை சொன்னால் போதும். கட்டடம் எங்கேயும் போகப் போவதில்லை. முப்பது வருஷ அனுபவசாலி அந்தப்படியே செய்தார். மொட்டைமாடியில் வைத்துச் சோதித்த அன்று அந்த இடத்தையே பதிந்து, யாரும் மாற்றிவிடாதபடி பூட்டும் போட்டார். அனுபவமில்லாதவன் என்றால் கையேட்டைப் படித்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியின் தம்பி ஓட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பொட்டல் மைதானத்துக்குப் போனார்கள்.

"பைலட் சார், சீட் பெல்ட்டு?" என்றான் மச்சினன்.

"ரோட்டைப் பாருடா."

இருபத்திரண்டு கிலோ. முதல் ஓட்டத்திலேயே எழும்பிவிட்டது. மச்சினன் விசிலடித்தான். மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் பாதி, தினமும் படியேறிய அலுப்பு பாதி. ஐந்தாவது நிமிஷம் ரேடியோ அறுந்தது. விமானம் பதறவில்லை. நிதானமாகத் திரும்பி, ஊரைப் பார்த்துப் போனது.

"அத்தான், அது எங்க போகுது?"

"நம்ம வீட்டுக்கு," என்றார். முப்பது வருஷத்தில் எந்தக் கோளாறும் அவருக்கு இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டதில்லை.

தொட்டியில் இருபத்தைந்து நிமிஷத்துக்குத்தான் பெட்ரோல். வேன் பறந்தது. பாதி வழியில் மனைவியின் போன்.

"ஏங்க, நம்ம மாடிக்கு மேலயே சுத்துதுங்க! தெருவே வெளிய வந்து நிக்குது!"

"எல்லாரையும் உள்ள போகச் சொல்லு."

"எதுக்கு? நல்லாத்தாங்க பறக்குது."

அந்த விமானத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. "உள்ள போடி!" என்று கத்தினார். அவளிடம் அவர் கத்தியதும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

தெருமுனைக்கு வந்ததும் ரேடியோ மறுபடி ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த ரிமோட்டின் திரையில் விமானம் சொன்ன பேச்சுக் கேட்கத் தயாராக இருந்தது. பெட்ரோல் மிச்சம் நாலு நிமிஷத்துக்கு. மைதானத்துக்கு ஐந்து நிமிஷம் வேண்டும். வழியில் சந்தை, பஸ் நிலையம். தெருவுக்குப் பின்னால், வேலி போட்ட கழிவுநீர்க் குளம். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே ஆள் கிடையாது.

"நாலுன்னா அஞ்சு ஓடும் அத்தான். என் வேன் ரிசர்வ்ல எத்தனை நாள் ஓடியிருக்கு? திருப்புங்க மைதானத்துக்கு."

"உன் வேன் நின்னா ரோட்டுல நிக்கும்."

"நாலு வருஷம் அத்தான்!"

"எனக்குத் தெரியாதாடா."

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவாரே, அந்தக் குரல்தான். அவசரமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. தலையைத் தூக்கி ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். இறக்கை வளையவில்லை.

கட்டுப்பாட்டை இழந்து விழுந்ததாகக் குறிப்பு சொல்கிறது. தொடர்பு அறுந்த பிறகு அது அவர் கட்டுப்பாட்டில் இருந்தது அந்தக் கடைசி ஒன்றரை நிமிஷம் மட்டும்தான். திரையில் குளத்தின் நடுவில் விரலை வைத்து விமானத்தை அங்கே அனுப்பினார். அதை விட்டு நகராமல் சுற்றச் சொன்னார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.