லெவிக்கின் கடைசி ஆள்

நெட்டி வொரோனியுக் உயிரோடு இருக்கும்போதே அவளை ஊர்க்கணக்கிலிருந்து அழித்தவள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் செய்தேன்.

கனடாவில், எங்கள் சஸ்காட்சுவான் சமவெளியில் லெவிக் என்று ஓர் ஊர். தானியக் கிடங்கை இடித்தார்கள், தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், அஞ்சலகத்தை மூடினார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து குடும்பங்கள் கிளம்பின. முப்பது கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு நான் சம்பளமில்லாத செயலாளர். நாட்டின் இணைய அருங்காட்சியகம் சிற்றூர்க் கதைகளை அனுப்பச் சொன்னபோது, அலமாரியில் கிடந்த லெவிக் படங்களைத் தூசி தட்டி அனுப்பினேன். கடைசிப் படத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: "1994இல் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. இன்று இங்கே யாரும் இல்லை."

நாங்கள் ஊரைக் குடும்பக் கணக்கில் பேசிப் பழகியவர்கள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகன் கால்கரி நகரத்தோடு ஒன்றிவிட்ட பிறகு லெவிக்கிலேயே ஒண்டியாகத் தங்கிவிட்ட நெட்டி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவளும் நானும் பதினோரு குளிர்காலம் ஒரே அணியில், பனித்தரையில் கல்லைத் தள்ளும் கர்லிங் ஆடியவர்கள். இருந்தும் எழுதும்போது அவள் நினைப்பே வரவில்லை.

மே மாதம் போன் செய்தாள்.

"டோரின், இன்னைக்கு என் அடுப்படிக்குள்ள ரெண்டு பேர் வந்துட்டாங்கடி."

"யாரு?"

"டொராண்டோ ஜோடி. பின்கதவத் திறந்து அடுப்பப் படம் புடிக்கிறாங்க. நான் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்தப் பொண்ணு என்னப் பாத்து அலறுறா! அப்புறம் போன்ல காட்டுறாங்க, யாரும் இல்லைன்னு நீ எழுதியிருக்கிறத. நான் என்ன பேயா?"



அந்தக் கோடை முழுக்க ஆட்கள் வந்தார்கள். பாழடைந்த வீடு என்று நினைத்து ஒருவன் அவளுடைய எனாமல் பாத்திரத்தை எடுத்துப் போனான். இன்னொருவன் தபால் பெட்டியையே கழற்றிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் வரும்.

"நான் செத்தப்புறம் என்ன வேணா எழுதிக்கோ. இப்ப இருக்கேன். இருக்கேன்னு போடு!"

திருத்தத்துக்கு விண்ணப்பம், எங்கள் குழுவின் தீர்மானம், பிரெஞ்சுப் பக்கத்துக்குத் தனி மொழிபெயர்ப்பு. மூன்று மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்து, ஆகஸ்டில் ஒருவழியாக வந்தது: "ஒருவர் இன்றும் இங்கே வசிக்கிறார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்." இரண்டாவது வரி என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அக்டோபரில் மறுபடி அழைத்தாள்.

"அந்த ரெண்டாவது வரிய உன்ன யாரு எழுதச் சொன்னது?"

"திருட்டுப் போகுதுன்னு நீதானே கத்துன?"

"கத்துனேன். ஆள் இருக்குன்னு போடச் சொன்னேன். வராதேன்னா போடச் சொன்னேன்? நேத்து ஒரு கார் வந்துச்சு. ரோட்டுலயே நிறுத்தி, கையாட்டிட்டுப் போயிட்டாங்க. நான் காப்பிய வச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கிறேன்."

அந்த டொராண்டோ ஜோடி அலறி முடித்து, பொழுது சாயும்வரை அவள் மேசையில் உட்கார்ந்து பெரோகி சாப்பிட்டதை அப்போதுதான் சொன்னாள். பாத்திரத்தைத் திருடியவன்கூட, பிடிபட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகு அரை மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தானாம்.

"எடுத்துடறேன், நெட்டி. ஆனா மறுபடி விண்ணப்பம், பிரெஞ்சு... மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா?" என்றாள். "உன் வீட்டுலேருந்து இங்க வர எவ்வளவு நேரம்டி ஆகும்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் படங்களை அனுப்பும் முன் ஒரே ஒரு நாள் நான் லெவிக் போயிருந்தால், அவள் புகைபோக்கியில் புகை வருவது கண்ணில் பட்டிருக்கும். போகவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

"பனி இல்லேன்னா இருபத்தஞ்சு நிமிஷம்," என்றேன்; வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு வெளியே பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, விண்ணப்பத்தையே அனுப்பு," என்று சொல்லிவிட்டு நெட்டி போனை வைத்தாள்.