மின்னாத கார்டு

நான் ரேஷன் கடை சேல்ஸ்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அது. பொங்கல் முடிந்திருந்தது. தேர்தலுக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்தது. எங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டு சுவரில், காசிக்கும் நேபாளத்துக்கும் ஆள் சேர்ப்பதாக ஒரு டூர்க்காரர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அந்த நோட்டீஸைப் பாதி கிழிந்த மேனிக்குக் கையில் வைத்துக்கொண்டு என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

அக்காவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறாள். கறவை மாடு இரண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார் என்று வீட்டை விட்டு நகராதவள். அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறி இறங்குவதுதான் அவளுக்கு வெளியூர். மாமியார் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்காவின் சமையல்கட்டில் ஒரு பழைய காலண்டர் தொங்கும். தேதியெல்லாம் தீர்ந்த பிறகும், மேலே இருந்த பனிமலைப் படத்துக்காக அதைக் கழற்றாமல் வைத்திருந்தாள். அந்த மலையை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை.

நான் எதையும் லேசில் நம்பமாட்டேன். ஓட்டலில் பார்சல் வாங்கினால் அங்கேயே பிரித்து இட்லியை எண்ணிப் பார்ப்பேன். முப்பது வருடம் ரேஷன் கடையில் நின்றவன் வேறு எப்படி இருப்பான்? ஊரே என் தராசு முள்ளைத்தான் முறைத்துப் பார்த்தது. ஒரு நாளும் யாரும் என்னை நம்பி, முள்ளைப் பார்க்காமல் பையை நீட்டியதில்லை. அந்தக் கடுப்பெல்லாம் எனக்குள் தங்கி, நானும் எல்லோரையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன் போலிருக்கிறது.

அக்காவை அழைத்துக்கொண்டு டூர்க்காரரைப் பார்க்கப் போனேன். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

"நேபாளுக்கு பாஸ்போர்ட் வாணாம் சார். நம்ம ஆளுங்களுக்கு ஓட்டர் ஐடி இருந்தா போதும். ஆனா ஒரிஜினல் வேணும். ஒரு வாரம் முன்னாடியே எங்கிட்ட குடுத்துடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து நாட்டுக்குப் போகிறோம், பாஸ்போர்ட் வேண்டாமாம். சரி, ஆதாரைக் கொடுக்கிறேன் என்றால் அது செல்லாதாம். அறுபத்தைந்து தாண்டினவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்தான் ஆதார் போதுமாம். சிலிண்டருக்கு ஆதார், சிம் கார்டுக்கு ஆதார், ரேஷனுக்கு ஆதார். இந்த ஆளுக்கு மட்டும் ஓட்டர் ஐடி வேண்டும். அதுவும் ஒரிஜினல், அதுவும் தேர்தல் நேரத்தில். ஏன் ஒரு வாரம் முன்னாலேயே வேண்டும் என்று கேட்டேன். போன தடவை ஒருத்தர் கார்டை வீட்டிலேயே மறந்து வந்துவிட்டதால் பார்டரில் பெரிய ரோதனையாகிவிட்டது என்றார். பதில் தயாராக இருந்ததே, அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மஸ்கட்டில் இருக்கும் என் மகனுக்குப் போன் போட்டேன். அவன் தேடிப் பார்த்துவிட்டு, "அவரு சொல்றது கரெக்ட்தான் நைனா. ரோடு வழியா போறதுக்கு ஓட்டர் ஐடி போதும்னு போட்டிருக்குது" என்றான். நெட்டில் எவன் வேண்டுமானாலும் எதையாவது எழுதுவான் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

பிறகு நானே துப்பு துலக்கக் கிளம்பினேன். டூர்க்காரரின் மச்சான் ஒரு கட்சியில் வார்டு வேலை பார்ப்பவர் என்று தெரிந்தது. எனக்கு அது போதாதா? ஒரு நாள் காலையில் காந்தி பஜார் டீக்கடையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே ஜெராக்ஸ் கடையில் டூர்க்காரர் ரப்பர் பேண்டு போட்ட ஓட்டர் ஐடிக் கட்டோடு நின்றார். கூடவே அந்த மச்சான். ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பெயர், அப்பா பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். லாட்ஜுக்கும் பார்டருக்கும் கொடுக்க வேண்டிய பட்டியல் அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? டூருக்குச் சேர்ந்த முப்பத்திரண்டு பேர் ஓட்டும் இவன் பைக்குள் போய்விட்டது என்றுதான் தோன்றியது. இரண்டு டீ குடித்தும் வாய் கசந்தது.

அக்காவிடம் டூரே வேண்டாம் என்றேன். அவள் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் அந்தப் புத்திசாலி வேலையைச் செய்தேன்.

செஞ்சியில் செய்தால் விஷயம் கசிந்துவிடும் என்று பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். ஆதாரைப் பிளாஸ்டிக் கார்டாக அடித்துத் தரும் கடை ஒன்றில் என் ஓட்டர் ஐடியையும் அக்காவுடையதையும் ஸ்கேன் செய்து, கெட்டியான கார்டுகளாக அடித்து வாங்கினேன். ஒரிஜினல் தோற்றுப்போகும், அவ்வளவு பளிச்சென்று இருந்தன. அசல் கார்டுகளை என் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அக்காவின் வீட்டுப் பத்திரம் முதல் பேங்க் புத்தகம் வரை எல்லாம் என் பீரோவில்தான் இருக்கும். அதனால் அவள் தடுக்கவில்லை. புதுக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுல ஒரு ஸ்டிக்கர் மின்னுமேடா, வெள்ளியாட்டம்? இதுல மின்னலியே?"

"அத எவன் பாக்கப் போறான்? நீ சும்மா இரு" என்று அடக்கினேன்.

டூர்க்காரர் மட்டும் பார்த்தார். கார்டை வாங்கி விரலால் தடவியபடி, "சார், இது ஒரிஜினல்தானே?" என்று தயங்கிக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். முப்பது வருடம் கார்டு பார்த்தவனிடமே கார்டைப் பற்றிக் கேட்கிறாயா என்று கத்திவிட்டேன். அவர் "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மகனைப் பார்க்க மஸ்கட் போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் ஒன்று என்னிடம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை என் பையில் போட்டுக்கொண்டேன். என் ஒருவனுக்கு மட்டும் எல்லா ஏற்பாடும் செய்துகொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் ரயில், அப்புறம் கோரக்பூரிலிருந்து பஸ். அக்கா வழியெல்லாம் ஜன்னலை விட்டு நகரவில்லை. சோனௌலி என்ற அந்த எல்லை ஊருக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகியிருந்தது. ஒரு கடைத்தெரு, நடுவில் ஒரு பெரிய நுழைவு வளைவு. அந்தப் பக்கம் போனால் வேறு நாடு என்றார்கள். அந்தப் பக்கமும் செருப்புக் கடையும் பஜ்ஜிக் கடையும்தான் தெரிந்தன.

அன்றைக்குக் கெடுபிடி கொஞ்சம் அதிகம். வளைவுக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். டூர்க்காரர் கார்டுக் கட்டைக் கொடுத்தார். அதிகாரி ஒவ்வொரு கார்டாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். பனிமூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்த்த நேரம். கார்டை வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். அடுத்ததையும் சாய்த்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நக்லி" என்றார் அதிகாரி. எனக்கு இந்தி தெரியாது. ஆனால் போலி என்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

நான் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அதிகாரி பார்த்துவிட்டு என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். அக்காவை ஓரமாக நிற்க வைத்தார்கள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திருடியைப் போல அவள் நின்றாள். என் கூடப் பிறந்தவளை அந்த நிலையில் நிற்க வைத்தது நான்தான். அசல் கார்டு செஞ்சியில் பீரோவுக்குள் இருந்தது. அதன் சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

டூர்க்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு என் மானம் போயிருக்கும். அவர் அதிகாரியிடம் போய் இந்தியில் நீளமாகப் பேசினார். பிறகு ஒரு பேப்பர் வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னா எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"நகல வாங்குனது எந்தப்பு, சரியா பாக்கலன்னு எழுதியிருக்கறேன் சார். அந்தம்மா மேல கேஸு கீஸுனு வந்துடக் கூடாதில்ல."

இவரைத்தான் ஓட்டுத் திருடன் என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அதன் பிறகும் அவர் விடவில்லை. நெட்டிலிருந்து அக்காவின் கார்டைப் போனிலேயே இறக்கிவிடலாம் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் முயன்றார். ஓடிபி வருவதற்கு அவள் கார்டில் போன் நம்பரே சேர்க்கவில்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் எங்களுக்கு அங்கேயே ஒரு லாட்ஜ் பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். "உங்ககிட்டதான் பாஸ்போர்ட் இருக்குதே, நீங்க வரலாமே சார்" என்றார். அக்காவும் என்னைப் போகத்தான் சொன்னாள். நான் போகவில்லை. பாசம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளமாட்டேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

ஐந்து நாள் அங்கே கிடந்தோம். அக்கா தினமும் காலையில் அந்த வளைவைப் பார்த்தபடி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உள்ளூர்க்காரர்கள் காய்கறிப் பையோடு சாதாரணமாக அந்தப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒரு மாடு கூட ஆடி அசைந்து வளைவைத் தாண்டிப் போனது.

"பாத்தியாடா, மாட்டுக்குக் கூட கார்டு கேக்கல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் என் போனில் வீடியோ கால் வந்தது. டூர்க்காரர்தான். எங்கோ ஒரு மொட்டை மாடியில் குல்லாய் போட்டுக்கொண்டு நின்றார். "அம்மாகிட்ட குடுங்க சார்" என்றவர், போனை மெதுவாகத் திருப்பினார். படம் விட்டு விட்டு வந்தது. நடுவில் ஒரு நிமிடம் போலத் தெளிந்து, வெயில் பட்டு முழு மலையும் தெரிந்தது. அக்கா போனை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் கட்டானதும் என்னிடம் நீட்டினாள்.

"காலண்டர்ல இருக்கறா மாதிரியேதான்டா இருக்குது" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

டூர் ஆட்கள் எங்களையும் ஏற்றிக்கொண்டு, காசியையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் ரயிலில் டூர்க்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் ஓட்டர் ஐடியைக் கையில் கொடுத்தார். ஒன்று கூடக் குறையவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன் என்று சொல்லவும் கூசுகிறது.

செஞ்சிக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவின் கார்டு, பத்திரம், புத்தகம் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குப் பாஸ்போர்ட்டே எடுத்துவிடலாம், நான் அலைகிறேன் என்றேன். அவள் கார்டை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தேர்தல் வந்தது. இருவரும் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றோம். அக்கா முந்தானை முடிச்சிலிருந்து கார்டை எடுத்து, வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஸ்டிக்கர் பளிச் பளிச்சென்று மின்னியது.

"இதுக்கு மட்டும் நல்லா மின்னுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அறுபத்தஞ்சு தாண்டட்டும். ஆதார எடுத்துக்கினு, ஒன்ன கேக்காமயே போறேன் பாரு" என்று சொல்லிவிட்டு, ஓட்டுப் போட உள்ளே போனாள்.

இப்போதும் எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வரத்தான் செய்கிறது, ஆனால் வந்த உடனே கை தானாக இடுப்புச் சாவியைத் தடவுகிறது. அந்த எல்லையில் நின்ற நாளிலிருந்து நான் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான்.