கால் பட்ட இரும்பு

எழுபதுகளின் கடைசியில் ஜெர்மனியின் ரூர் பகுதியில், ஒரு பெரிய ரயில் சந்தியில் எனக்கு வேலை கிடைத்தது. நிலக்கரியும் இரும்பும் ஏற்றிய பெட்டிகள் நாலு திசையிலிருந்தும் அங்கே வரும். அவற்றைக் கழற்றி, போகும் ஊர்வாரியாக வேறு ரயில்களில் கோர்ப்பார்கள். மேட்டிலிருந்து தள்ளிவிட்ட பெட்டி எஞ்சின் இல்லாமலே உருண்டு வந்து, கீழே நிற்கும் பெட்டிகளில் மோதும். அந்த இடி நாள் முழுவதும் நெஞ்சுக்குள் விழும்.

மோதலைத் தணிக்கத் தண்டவாளத்தில் இரும்புக் கட்டை வைப்பது எங்கள் வேலை. சக்கரம் அதில் ஏறி உரசி நிற்கும். வைத்த கையோடு வெளியே வந்துவிட வேண்டும்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு காது இல்லை. போரில் பிரிட்டிஷ் விமானங்கள் அந்தச் சந்தியில் திரும்பத் திரும்பக் குண்டு போட்டபோது போனது.

"இலங்கையிலை எங்கட மாகோ ரயில் சந்தியைக் கட்டினவனும் இங்கிலீசுக்காரன்தான், இதை உடைச்சவனும் அவன்தான்," என்பார் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி அண்ணை. நான் தலையை மட்டும் ஆட்டுவேன். "வாய் திறந்தா முத்துக் கொட்டிப்போடுமோ தம்பி?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தமிழிலும் கூச்சம்தான்.

ஒரு மழைக் காலையில் அண்ணை கட்டையை வைத்துவிட்டுத் திரும்பினார். தண்டவாளத்தின் உள்பக்கம் ஒட்டிக் கிடந்த இன்னொரு கட்டையில் அவர் சப்பாத்துக் கால் பட்டது. சோறு போடும் இரும்பு. குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பின்னால் கரிப்பெட்டி வந்துகொண்டிருந்தது. ஈரத்தில் அவர் வைத்த கட்டை தெறித்துப் போனது.

கத்தப் பார்த்தேன். குரல் வரவில்லை. பாய்ந்து விலாவில் உதைத்தேன். எலும்பு முறிந்தது என் காலுக்கே தெரிந்தது. அவர் வெளியே போய்ச் சல்லிக்கற்களில் முகம் அடிபட விழுந்தார். பெட்டிகள் மோதின.

மேற்பார்வையாளர் உதையை மட்டும்தான் கண்டார். ஓடி வந்து என் வாயில் குத்தினார். பல்லொன்று நாக்கில் கிடந்தது. "இன்றோடு நீ தொலைந்தாய்," என்று மறுபடி ஓங்கினார்.

அண்ணை படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினார். அவர் குனிந்து நின்ற இடத்தில், அவர் கும்பிட்ட கட்டை கரிப்பெட்டியின் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. மேற்பார்வையாளர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூத்தவரைக் காலால் உதைத்தவன் நான். அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன்.

சிரிக்க முயன்று விலாவைப் பிடித்துக்கொண்டார் அண்ணை.

"நல்ல காலம் தம்பி, நீ இதை அங்கை தண்டவாளத்திலை நிண்டு செய்யேல்லை."