பட்டு மெத்தையில் ஒரு பேஜார்

புடவைக் கடையில் பிரிப்பது வேலையில்லை, மடிப்பதுதான் வேலை. அடுத்தவர் வேண்டாமென்றதை நாள் முழுக்க மடித்து வைக்கிற சகோதரிகளே, உங்களுக்கு இது தெரியாததா?

எச்சரிக்கை

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். தேனாம்பேட்டையிலிருந்து தி.நகருக்குப் பட்டு விற்க வருகிறேன். ஒருநாள் முப்பது புடவை பார்த்தவர் சும்மா எழுந்து போனதும், "பேஜாரா போச்சு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் தெருவில் அதற்குத் தொல்லை என்று அர்த்தம். திருநெல்வேலிக்காரரான எங்கள் சூப்பர்வைசருக்கு அது ரவுடிப் பேச்சு.

பட்டுப் பிரிவில் மெத்தையில் உட்கார்ந்து விற்கலாம். கீழே நைட்டிப் பிரிவில் நின்றபடியே இருக்கவேண்டும். என் முழங்கால் தாங்காது. அது தெரிந்தேதான் சொன்னார்: "ஏக்கா, இன்னொரு தடவ அந்தச் சொல்லு காதுல விழுந்தா, நைட்டிக்குப் போயிருங்க."

கெட்ட வார்த்தையா?

கவலையில் தூக்கம் வரவில்லை. ராயப்பேட்டையிலிருந்து வரும் வாடிக்கைக்காரம்மா உருது டீச்சராக இருந்தவர். அவரிடம் ரகசியமாகக் கேட்டேன். "பாரசீகத்துலேர்ந்து வந்த வார்த்தைம்மா. உருதுல பேஸார், அலுத்து வெறுத்துப்போன மனசு. கடையில வேலை பாக்கறவங்க சொல்லலாம், தப்பில்ல."

பெங்களூர்க்காரர்

பெங்களூரிலிருந்து வந்த அம்மாள் இருபது புடவையைத் தள்ளிவிட்டு, என் கையைப் பிடித்து, "பேஜார் மாட்கோபேடி" என்றார். சூப்பர்வைசர் எங்கே என்றுதான் முதலில் பார்த்தேன். அந்த அம்மாள் சிரித்தார். "வருத்தப்படாதீங்கன்னு சொன்னேங்க. கன்னடத்துல தினமும் சொல்றதுதான்."

ஆடி

ஆடித் தள்ளுபடியில் மயிலாப்பூரிலிருந்து ஒரு தாயும் மகளும் கல்யாணப் பட்டு பார்க்க வந்தார்கள். ஆடியில் சில வீடுகளில் அதை எடுக்கமாட்டார்கள். அதனால் ஆடியில் எடுப்பார்களா என்று நாங்கள் முதலில் கேட்டுவிடுவோம். நான் வாய் திறக்குமுன், "நீங்க பேசாதீய, நான் காட்டுதேன்" என்று சூப்பர்வைசரே மெத்தையில் உட்கார்ந்துவிட்டார்.

சுத்தத் தமிழில் அறுபது புடவை பிரித்தார். தாயார் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "எங்காத்துல ஆடில கூறைப்புடவை வாங்கறதில்லை. கலர் பாத்துண்டு போலாம்னு வந்தோம்" என்று கிளம்பினார்.

மார்பளவுக் குவியலுக்குள் உட்கார்ந்து சூப்பர்வைசரும் என்னோடு மடிக்க ஆரம்பித்தார். பத்தாவது புடவையில் மெதுவாகச் சொன்னார்: "பேஜாரா போச்சேக்கா."

பாரசீகத்தில் கிளம்பிய வார்த்தை எங்கள் மெத்தையில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதன் பக்கத்தில் என் முழங்காலும் பத்திரமாக இருக்கிறது.