தாய்மாமன் மடி

எனக்கு மடி இல்லாமல் போனது எந்த வருஷம் என்று சரியாகச் சொல்லத் தெரியாது. முடி கொட்டினால் சீப்பில் தெரியும். பல் போனால் நாக்கு சொல்லிவிடும். மடி போவது மட்டும் யாருக்கும் தெரியாது. தொப்பை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்து, ஒரு நாள் பார்த்தால் மடி இருந்த இடத்தில் அது கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.

என் தொழில் அப்படி. கீரனூரில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு, கருமாதி, எதுவானாலும் அண்டாவோடு நானும் போய் இறங்குவேன். சாப்பிடாமல் திரும்பினால் வீட்டுக்காரர் மனசு கஷ்டப்படும். யார் மனசையும் கஷ்டப்படுத்தக் கூடாது என்பது என் கொள்கை. இருபது வருஷமாக அந்தக் கொள்கையை விடாமல் காப்பாற்றி, நூற்றுப் பதினெட்டு கிலோவில் வந்து நின்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தங்கச்சியை மணமேல்குடிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் குலசாமி கோயிலில் விசேஷம். பிள்ளைக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். நான் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை வைத்தார்கள், சறுக்கி இறங்கிவிட்டது. மறுபடி வைத்தார்கள், மறுபடி சறுக்கியது. மூன்றாவது தடவை அது விளையாட்டு என்று நினைத்து, கை தட்டிச் சிரித்துக்கொண்டே சறுக்கியது. ஆசாரி ஊசியைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தங்கச்சியின் மாமனார், நல்ல நேரம் போகிறதே என்று, ஒல்லியாக இருந்த என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் மருமகளுக்கு அவன் மடியில்தான் காது குத்தியது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அதை மறைக்கப் பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான்.

போன வருஷம் தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குப் பதினோராம் மாதத்தில் காதுகுத்து என்று போனில் சொன்னாள். அண்ணே, நீதான் ஒக்காரணும் என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் பழைய சறுக்கல் ஞாபகம் வந்தது. இந்தப் பிள்ளை என் மடியில் உட்கார வேண்டும், இல்லையென்றால் நான் என்ன தாய்மாமன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முடிவு செய்த கையோடு நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சர்க்கரையும் பிரஷரும் எனக்கு ஏற்கெனவே உண்டு. அவர் ரத்தம் எடுத்து, குடும்பத்தில் தைராய்டு கட்டி உண்டா, கணையத்தில் கோளாறு உண்டா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டால் குடல் மூளைக்கு ஒரு தகவல் அனுப்புமாம், போதும் என்று. எனக்கு அந்தத் தகவல் போய்ச் சேருவதில்லையாம். ஊசி அந்தத் தகவலை உரக்கச் சொல்லும், இரைப்பையும் சாப்பாட்டை மெதுவாகத்தான் கீழே விடும் என்றார். ஊசியை நிறுத்தினால் பசி திரும்பி வந்துவிடும், எடையும் வரும் என்பதையும் சொன்னார். எனக்கு மடி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கதையைச் சொன்னேன். சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார், பாவம்.

ஊசி பேனா மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜில் தயிருக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் அதற்கு ஒரு இடம் ஒதுக்கினோம். வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி சாமி கும்பிட்டுவிட்டு வந்து, தொப்பையில் ஓர் இடத்தைப் பார்த்துக் குத்துவாள். எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது. ஆனாலும் நான் கத்துவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை வாராவாரம் குத்த அவளுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்ததே, அதைச் சப்பென்று ஆக்கக் கூடாது அல்லவா.

இரண்டாம் வாரம் அந்த அதிசயம் நடந்தது. என் மண்டைக்குள் எப்போதும் ஒரு சமையல்காரன் இருந்து கரண்டியால் தட்டிக்கொண்டே இருப்பான். காலை டிபன் சாப்பிடும்போதே மத்தியானம் என்ன என்று கேட்பான். அன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா இறக்கிவிட்டு நிற்கிறேன், நெய்ச்சோறு வாசம் வருகிறது, தட்டும் சத்தத்தைக் காணோம். அவன் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பந்தியில் உட்கார்ந்து அரை இலைச் சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். பரிமாறுகிறவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எல்லாம் கொண்டாட்டமாகவே போனது என்று சொன்னால் பொய். ஏப்பம் வந்தால் கூமுட்டை நாற்றம் வரும், மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள். காலைக்கடன் மூன்று நாளைக்கு ஒரு தரம் என்று ஆனது. குமட்டல் வந்தால் சுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய நிலைமை வந்தபோது, அந்த மூலையிலும் எனக்கு ஆட்டம் போடத் தோன்றியது.

நாலாம் மாதம் ஒரு நாள் சின்ன அண்டா ஒன்றைத் தூக்கப் பார்த்தேன், முடியாமல் கீழே வைத்துவிட்டேன். போய்ச் சொன்னதும் டாக்டரம்மா பிடித்துத் திட்டினார். கொழுப்பு மட்டும் போகாது, சதையும் சேர்ந்து போகும், பசிக்கவில்லை என்று டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார்.

"மடி வேணும்னு வந்தீங்கல்ல? மடின்னா தொடைதானே. தொடையில சதை இல்லைன்னா பிள்ளை எதுல ஒக்காரும்?"

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் முட்டை, மீன், சுண்டல் என்று கணக்காகச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நார்த்தாமலைக்குப் போய் ஏறினேன். முதல் தடவை பாதிப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நாலாவது தடவை மேலே போய் நின்று கீழே இருக்கிற ஊரைப் பார்த்தபோது, எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஊசி விஷயம் மனைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கம் வாராவாரம் ஊசி என்றால் ஆளுக்குச் சாவு நாள் குறித்துவிடுவார்கள். யார் கேட்டாலும் வாக்கிங் போறேன் என்று சொன்னேன். கேட்டவர்கள் நம்பவில்லை. சுகர் முற்றிவிட்டது என்றார்கள் சிலர். வீட்டில் சண்டை, பொண்டாட்டி சோறு போடுவதில்லை என்றார்கள் சிலர். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஊசி மட்டும் போட்டாள்.

தப்பு நான் செய்ததுதான். காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊசியின் அளவைக் கூட்ட வேண்டிய முறை. விசேஷம் முடியட்டும், டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. ரெண்டே நாளில் இன்னும் ஓர் அங்குலம் குறையும் என்று எனக்கு ஆசை. அப்போது நான் தொண்ணூற்றொன்பது கிலோ. மூன்று இலக்கத்திலிருந்து இரண்டு இலக்கத்துக்கு வந்தவனுக்குத் தலைகால் புரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குலசாமி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மருமகனைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவன் சறுக்கவில்லை. இரண்டு தொடைக்கும் நடுவில் பொருந்தி உட்கார்ந்து, என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஒரு காது குத்தினார், அவன் வீல் என்று கத்தினான். மறு காதும் குத்தினார். அவன் கத்தக் கத்த எனக்குச் சிரிப்பு. பிள்ளை அழுகிறது, மாமன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று யாரோ ஒரு பெரியம்மா திட்டினார். போன தடவை உட்கார்ந்த சித்தப்பா மகன் கூட்டத்தில் நின்று எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பிறகு பந்தி. தங்கச்சி வீட்டு வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தியில் தாய்மாமன் உட்கார வேண்டும். அவன் இலையில் கை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அவன் சாப்பிட்டு இலையை மடித்தால்தான் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். மாமன் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனால், இனி உங்கள் வாசல் மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். இத்தனை வருஷமாக எனக்கு அதில் ஒரு சங்கடமும் வந்ததில்லை. போதும், எழுந்திருங்கள் என்று மற்றவர்கள் என்னிடம் சொல்லித்தான் பழக்கம்.

மாமன் இலைக்கு என்று ஈரலும் நல்லி எலும்பும் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். சோறு மலைபோலக் குவிந்தது. குழம்பு ஊற்றினார்கள். ஒரு வாய் வைத்தேன், அருமை. இரண்டாவது வாய். மூன்றாவது வாய் தொண்டையோடு நின்றுவிட்டது. புது அளவு ஊசி வேலையைக் காட்டிவிட்டது. இன்னும் ஒரு பருக்கை போனாலும் குலசாமி முன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். இலையை மடிக்கவும் முடியாது. சோற்றை விரலால் அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த தங்கச்சியின் மாமனார் அதைப் பார்த்துவிட்டார். மாமன் சாப்பிடாதபோது சம்பந்தி சாப்பிடுவதா? அவர் கை நின்றது. அவரைப் பார்த்துப் பக்கத்து ஆள் கை நின்றது. அப்படியே வரிசை முழுக்க ஒவ்வொரு கையாக நின்றது. கடித்த எலும்பை இறக்கவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ஒருவர் என்னையே பார்த்தார். தங்கச்சி மாப்பிள்ளை ஓடிவந்து, மரியாதையில் எதுவும் கொறை வந்துருச்சா என்று காதோரம் கேட்டார். போன தடவை மடி விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் இப்படிப் பழிவாங்குகிறான் என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பால் நிலைமை இன்னும் மோசமானது.

தங்கச்சி குழம்பு வாளியோடு வந்து என் முன்னால் குனிந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அன்னிக்கி நடந்ததுக்குக் கோவமாண்ணே?"

இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

"கோவமெல்லாம் இல்லத்தா. ஏழு மாசமா வயித்துல ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். சாப்புட முடியல. ஒம் புள்ள ஒக்கார மடி வேணும்னுதான் போட்டேன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு யாரையும் கேட்காமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் இலையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, சாப்பிட ஆரம்பித்தாள். சின்ன வயசில் என் தட்டில் இருக்கிற கறியைத் திருடித் தின்றவள்தான், அதே வேகம். மாமன் இலை காலியாகணும், அவ்வளவுதானே, யார் வாயில போனா என்ன என்று மாமனாரைப் பார்த்துச் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தன் இலையில் கை வைத்தார். எலும்போடு காத்திருந்தவர் கடிக்கிற சத்தம் கேட்டது.

பந்தி மறுபடி நடந்தது. மாமனார் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, தன் தொப்பையைத் தடவிக்கொண்டு, அந்த ஊசி எங்கே கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டார். முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் ஏப்பத்தை நினைத்துப் பாருங்கள் என்றேன். என் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து, சோறு போடாத பொண்டாட்டி யார் என்று இப்போது தெரிந்ததா என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்.

அழுத பிள்ளையை யாரோ தங்கச்சியிடம் கொண்டுவந்து கொடுக்க, சாப்பிட இரண்டு கையும் வேண்டும் என்று அவள் அவனை என் மடியில் போட்டாள். காது சிவந்து, அழுது களைத்து, அவன் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். நல்லி எலும்பை அவள் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது என் பட்டுவேட்டி மெல்லச் சூடாகி நனைந்தது. பார்த்துவிட்டு அவள் பதறினாள், எழுந்திருண்ணே, வேட்டி மாத்திக்க என்றாள். பந்தி இன்னும் முடியவில்லை, மாமன் எப்படி எழுந்திருப்பான் என்றேன். அவன் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நனைந்த மடியோடு, கடைசி ஆள் மோர் வாங்கிக் குடிக்கும் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன்.